பழைய காரின் வெளிப்புறச் சின்னங்கள்: தேடுவதும் பொருத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் ஒன்றை அதன் தொழிற்சாலைத் தோற்றத்துக்கு மீட்டெடுக்கும்போது எஞ்சின், டிங்கரிங், பெயின்ட் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போடுகிறவர்கள், பானெட்டிலும் ஃபெண்டரிலும் டிக்கியிலும் இருக்கும் சின்னங்களைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வண்டியைப் பார்க்க வருபவர்களின் கண் முதலில் போவதோ அங்கேதான். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

ஒரு சின்னம் ‘சரியானது’ என்று எதை வைத்து முடிவு செய்வது?

அந்த மாடலுக்கு உரிய சின்னம் என்பது மட்டும் போதாது. உங்கள் வண்டி தயாரான காலத்தில், அதன் எஞ்சினுக்கும் டிரிம் தரத்துக்கும் (அலங்கார, வசதி நிலைக்கும்) விற்பனையான நாட்டுக்கும் ஏற்பத் தொழிற்சாலை எதைப் பொருத்தி அனுப்பியதோ அதுவே சரியானது. 1957ஆம் ஆண்டின் செவ்ரலே கார்களைப் பாருங்கள். வி8 எஞ்சின் கொண்டவற்றில் பானெட்டிலும் டிக்கியிலும் பெரிய ‘வி’ சின்னம் இருக்கும். அது பெல் ஏர் வகையில் பொன்னிறத்திலும் மற்ற வகைகளில் குரோமிலும் வந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால், அது பெல் ஏராகவே இருந்தாலும் ‘வி’ கிடையாது. ஒரே ஆண்டு, ஒரே உடல், ஆனால் மூன்று விதமான விடைகள்.

மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பல நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் மாடலை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே தயாரிக்கத் தொடங்கிவிட்டன. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பானெட்டில் 1951 முதல் இடம்பெற்ற வுல்ஃப்ஸ்பர்க் நகரச் சின்னம் 1962இன் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. ஆகவே ‘1962ஆம் ஆண்டு வண்டி’ என்று பதிவுப் புத்தகத்தில் இருப்பதை மட்டும் நம்பி அந்தச் சின்னத்தை வாங்கிவிடக் கூடாது; சேசிஸ் எண்ணிலிருந்து தயாரிப்பு மாதத்தைக் கண்டறிந்த பிறகே வாங்க வேண்டும். பெயர் மாற்றமும் இப்படிக் குழப்பும். 1959இல் வெளிவந்த மினியின் ஆஸ்டின் வடிவம் ‘ஆஸ்டின் செவன்’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. 1962 ஜனவரியில்தான் அது ‘ஆஸ்டின் மினி’ ஆயிற்று. 1960ஆம் ஆண்டு வண்டியில் ‘மினி’ என்ற எழுத்தைப் பொருத்தினால் பார்க்க அழகாக இருக்கலாம், வரலாற்றுப்படி அது பிழை.

எந்த ஆவணங்களை நம்பலாம்?

முதல் இடம் தொழிற்சாலையின் பாகப் பட்டியல் புத்தகத்துக்கு. அதில் சின்னத்தின் பாக எண்ணும், எந்தச் சேசிஸ் எண் முதல் எந்த எண் வரை அது பொருந்தும் என்பதும், எந்த வகை நட்டு அல்லது கிளிப்பு வேண்டும் என்பதும் இருக்கும். இரண்டாவது, சில நிறுவனங்கள் தங்கள் பணியாளர்களுக்காக அச்சிட்ட பொருத்து வழிகாட்டி. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கான இத்தகைய வழிகாட்டிகளில் சின்னத்தின் இடம் வரைபடத்தில் அளவுகளோடு குறிக்கப்பட்டிருப்பதால், ஓட்டை போடும் கட்டத்தில் வேறெந்த நூலையும்விட அதுவே அதிகம் கைகொடுக்கும். தனி வண்டி ஒன்றின் பிறப்புச் சான்றும் சில பிராண்டுகளுக்குக் கிடைக்கிறது: பாண்டியாக் கார்களுக்கு ‘பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்’ (பிஎச்எஸ்) தரும் ஆவணம், 1967 முதலான அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு, ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரப்படும் மார்ட்டி அறிக்கை, பல பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகக் காப்பகத்தின் சான்றிதழ் ஆகியவை அத்தகையவை.

விற்பனை விளம்பரப் படங்களை எச்சரிக்கையோடு அணுகவும். அவை பெரும்பாலும் உற்பத்தி தொடங்குமுன் எடுக்கப்பட்டவை அல்லது ஓவியர் கைவண்ணம் கலந்தவை. அவற்றில் காணும் சின்னம் சாலைக்கு வந்த வண்டியில் இல்லாமலே போயிருக்கலாம். கண்காட்சிகளில் பரிசு பெற்ற வண்டியைப் பார்த்து அப்படியே செய்வதும் ஆபத்துதான், ஏனெனில் ஒருவர் செய்த பிழையை அடுத்தடுத்தவர்கள் பின்பற்றி அதுவே மரபாகிவிட்ட கதைகள் பழைய கார் உலகில் ஏராளம். கைபடாத நிலையில் தப்பிப் பிழைத்த வண்டியின் பழைய புகைப்படங்கள் மங்கலாக இருந்தாலும் அவற்றையே நான் மேலாக மதிப்பேன்.

வண்டியிலேயே தடயங்கள் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெயின்ட் உரிப்பதற்கு முன்பே தேட வேண்டும். சின்னம் இருந்த இடத்தில் வெயில் படாததால் பெயின்ட் அடர்ந்த நிறத்தில் அதன் வடிவத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். மேல்பக்கம் பட்டி பூசி மறைக்கப்பட்ட ஓட்டைகள், தகட்டின் உட்புறத்திலிருந்து விளக்கு அடித்துப் பார்த்தால் வெல்டிங் அல்லது பித்தளைப் பற்றாகத் தெரியும். அவற்றின் இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, காகிதத்தில் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிங்கரிங் பட்டறைக்குப் போன பிறகு அந்தத் தடயங்கள் திரும்ப வரமாட்டா.

பாகமே மாற்றப்பட்டிருந்தால் தடயமும் பொய் சொல்லும். ஜாகுவார் ஈ-டைப் காரின் 3.8 லிட்டர் வகையில் டிக்கி மூடியில் ‘ஜாகுவார்’ என்ற எழுத்து மட்டுமே உண்டு. 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் வகையில் ‘ஈ-டைப்’, ‘4.2’ ஆகியவையும் சேர்ந்தன. 3.8 லிட்டர் வண்டியின் மூடியில் கூடுதல் ஓட்டைகள் தென்பட்டால், அந்த மூடி வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கலாம் என்பதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சின்னத்தின் பின்புறத்தில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது?

சின்னத்தை வார்க்கும்போதே பின்புறத்தில் பதியும் இந்த வார்ப்பு எண் பெரும்பாலும் வடிவமைப்பின் எண். பட்டியலில் உள்ள விற்பனைப் பாக எண்ணோடு அது அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபோர்டு முறையில் ‘சி5இசட்பி’ என்று தொடங்கும் எண்ணில் ‘சி’ 1960களையும், ‘5’ 1965ஐயும், ‘இசட்’ முஸ்டாங்கையும், ‘பி’ உடல் வடிவமைப்புப் பிரிவையும் சுட்டுகின்றன. அதே பாகம் உதிரியாக விற்கப்படும்போது முன்னொட்டு ‘சி5இசட்இசட்’ என்று மாறும். இந்த எண் சொல்வது வடிவம் எந்த ஆண்டுக்காக வரையப்பட்டது என்பதையே. அதே சின்னம் அடுத்த ஆண்டுகளிலும் மாற்றமின்றித் தொடர்ந்திருக்கலாம். எண்ணோடு வார்ப்பு ஆலையின் முத்திரையும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்னத்தில் உள்ள எண் எஞ்சினின் உண்மையான கொள்ளளவோடு பொருந்தவில்லையே?

அதைத் திருத்தப் போக வேண்டாம். 1964 பாண்டியாக் ஜிடிஓவின் 389 கன அங்குல எஞ்சின் ஏறத்தாழ 6.4 லிட்டர்தான்; தொழிற்சாலை பொருத்திய சின்னமோ ‘6.5 லிட்டர்’ என்றே சொல்கிறது. மீட்டெடுப்பில் சரியானது அந்த 6.5தான்.

சின்னம் எந்தப் பொருளால் ஆனது என்று எப்படி அறிவது, அது ஏன் முக்கியம்?

சுத்தம் செய்வது, பழுது பார்ப்பது, பொருத்துவது ஆகிய மூன்றுமே பொருளைப் பொறுத்து மாறுவதால் இது தெரியாமல் கை வைக்கக் கூடாது. 1920களிலும் 1930களிலும் வந்த ரேடியேட்டர் சின்னங்கள் பல, பித்தளை அல்லது செம்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கிச் செய்த எனாமல் வேலைப்பாடு கொண்டவை. அதன் பிறகு பெரும்பான்மை இடத்தைப் பிடித்தது துத்தநாகத்தோடு சுமார் 4 விழுக்காடு அலுமினியம் கலந்த அச்சு வார்ப்பு. 1940களின் இறுதிக்குப் பிறகு, பின்புறத்தில் நிறம் தீட்டப்பட்ட அக்ரிலிக் சின்னங்கள் பரவின. குரோம் பூசிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1960களில் நுழைந்தது. இவை தவிர நிறமேற்றிய அனோடைஸ்டு (மின்வேதி முறையில் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் உண்டு.

கையில் எடுத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். துத்தநாக வார்ப்பு கனமானது, காந்தம் ஒட்டாது, பின்புறம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். பிளாஸ்டிக் இலேசானது, நகத்தால் தட்டினால் மந்தமான ஒலி வரும். பூச்சுக்கும் ஒரு காலவரிசை உண்டு. 1920களின் பிற்பகுதி வரை நிக்கல் பூச்சே வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய வண்டியில் நீலம் பாய்ந்த குரோம் மின்னினால் அது பிற்காலத்து வேலை. நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நிறம் கொண்டது. கொரியப் போரின்போது நிக்கலுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் 1951 முதல் 1953 வரையிலான அமெரிக்க வண்டிகளில் குரோம் பூச்சு மட்டமாக வந்ததும் தெரிந்ததே. அதே மட்டத்தை மீண்டும் செய்யச் சொல்லி எந்தக் கண்காட்சி நடுவரும் கேட்பதில்லை.

பழைய இருப்பில் கிடைக்கும் புதுப் பாகம், பயன்படுத்திய அசல், புதிதாக வார்த்த நகல் – எதை வாங்குவது?

பழைய இருப்பில் கிடைக்கும் பயன்படுத்தாத அசலை ‘என்ஓஎஸ்’ என்பார்கள். பணமும் பொறுமையும் இருந்தால் அதுவே மேல் என்பது பொதுக் கருத்து. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உற்பத்தி நின்ற பிறகு உதிரிக்காக வார்க்கப்பட்ட தொகுதிகளில் சில நிறுவனங்கள் முளைகளின் (சின்னத்தின் பின்புறத்திலிருந்து நீண்டு தகட்டு ஓட்டைக்குள் இறங்கும் சிறு தண்டுகளின்) எண்ணிக்கையையோ சின்னத்தின் நிறத்தையோ மாற்றிவிட்டன. பல ஆண்டு மாடல்களுக்கு ஒரே சின்னம் போதும் என்று சுருக்கியும்விட்டன. பெட்டி அசல் என்பதால் உள்ளிருப்பதும் அசல் என்று கொள்வதும் கூடாது, பெட்டி மாற்றி விற்பது பழைய பழக்கம்.

என் தேர்வு பெரும்பாலும் பயன்படுத்திய அசல்தான். முகப்பில் குழி அதிகம் இல்லாமல், முளைகள் உடையாமல், எழுத்தின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும் ஒன்றை வாங்கி நல்ல பிளேட்டிங் பட்டறையில் கொடுத்தால் நகலைவிடத் திருப்தியாக அமையும். எழுத்துப் பட்டைகள் இணையாகத் தேவைப்படும் இடங்களில் ஒரு பக்கம் அசலும் மறுபக்கம் நகலும் வைக்க வேண்டாம். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத வேறுபாடு வண்டியில் ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

நகல் தரமானதா என்று எவ்வாறு சோதிப்பது?

அசல் ஒன்றின் மேல் அச்செடுத்து வார்க்கும் நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிடச் சற்றே சிறிதாக வரும். நீளமான எழுத்துப் பட்டையில் இந்தச் சுருக்கம் சேர்ந்து சேர்ந்து, கடைசி முளை பழைய ஓட்டைக்குள் இறங்காமல் விளிம்பில் முட்டி நிற்கும். எனவே கேட்க வேண்டிய முதல் அளவு மொத்த நீளமன்று, முளைகளுக்கு இடையிலான மைய இடைவெளி.

அடுத்து எழுத்தின் உடலைப் பாருங்கள். அசலில் எழுத்தின் பக்கச் சுவர் முகப்பைச் சந்திக்கும் இடம் கத்தி முனைபோலத் தெளிவாக இருக்கும்; மட்டமான நகலில் அது மழுங்கி, ‘ஓ’ போன்ற வட்ட எழுத்துகளின் உட்குழி ஆழம் குறைந்து, இணைப்புக் கோடு தடித்துப்போயிருக்கும். படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டியிருந்தால் பின்புறத்தின் படத்தையும் பக்கவாட்டுப் படத்தையும் கேளுங்கள். விற்பவர் பின்புறப் படத்தைத் தரத் தயங்கினால் அதுவே ஒரு விடை.

பழைய சின்னத்தை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

முகப்பிலிருந்து ஸ்குரூ டிரைவரால் நெம்புவதுதான் பெரும்பாலான சின்னங்கள் உயிர்விடும் வழி. தகட்டின் உட்புறத்துக்குக் கை எட்டுமா என்று முதலில் பாருங்கள். எட்டினால், முளையில் இருக்கும் நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மெல்லத் திருப்புங்கள். நட்டு அசையாமல் முளையே முறுக ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு, நட்டின் பக்கவாட்டில் அறுத்துப் பிளந்து எடுத்துவிட வேண்டும். நட்டு போனால் வாங்கிக்கொள்ளலாம். தகட்டு ஓட்டைக்குள் அமர்ந்த குழாய் வடிவக் கிளிப்பில் முளை செருகப்பட்டிருந்தால், உள்ளிருந்து முளையின் நுனியை மரக் கட்டையால் தள்ளலாம். உட்புறம் மூடிய இடங்களில் பிளாஸ்டிக் ஆப்பைப் பெயின்ட் மேல் நாடா ஒட்டிய பிறகு, ஒவ்வொரு முளைக்கும் அருகில் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நுழைக்க வேண்டும். நாடாவால் ஒட்டப்பட்டவற்றை வெந்நீர்த் துணியாலோ சூடான காற்றாலோ இளக்கி, தூண்டில் நரம்பை அறுவைபோல இழுத்துப் பிரிக்கலாம்.

குரோம் பூச்சில் கொப்புளமும் குழியும் விழுந்த வார்ப்பை மீட்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாப் பட்டறையாலும் முடியாது. துத்தநாக வார்ப்பில் ஈரம் பூச்சின் நுண்துளை வழியே இறங்கி, உள்ளே வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே போய், மேற்பரப்பைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. வெளியே கடுகளவு தெரியும் புள்ளியைக் குடைந்தால் உள்ளே அதைவிட அகன்ற பள்ளம் இருக்கும். முறையான மீட்பில், பழைய பூச்சை நீக்கி, ஒவ்வொரு குழியையும் சுத்தமான உலோகம் தெரியும் வரை குடைந்து, செம்பு பூசி, குழிகளை நிரப்பித் தேய்த்து, மீண்டும் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் குரோம் என்று ஏற்றுவார்கள். தேய்ப்பவர் கை அதிகம் அழுத்தினால் எழுத்தின் விளிம்புகள் கரைந்துவிடும். பிறகு அதை யாராலும் மீட்க முடியாது. எனவே சின்னத்தைக் கொடுக்குமுன், அந்தப் பட்டறை செய்த மெல்லிய எழுத்து வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பம்பர் பளபளப்பது சான்றாகாது. முளைகளின் நீளத்தையும் தடிமனையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் பூச்சு நீக்கும்போது அவையும் கரைந்து மெலியும்.

முளை உடைந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?

வழக்கமான வெல்டிங் வேண்டாம். வார்ப்புச் சின்னத்தின் துத்தநாகக் கலவை 380 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும், அதுவும் சிவந்து எச்சரிக்காமல் சட்டென்று சரிந்துவிடும். உடைந்த இடத்தில் போதிய தடிமன் இருந்தால், சமன் செய்து, மையம் குறித்து, ஆழத்தைக் காட்ட டிரில் பிட்டில் நாடா சுற்றி, கையால் மெதுவாகத் துளைத்து மரை எடுத்து, தலையில்லாத சிறு ஸ்குரூவை எப்பாக்சியோடு இறுக்கலாம். தடிமன் இல்லாத மெல்லிய எழுத்துகளுக்கு, அகலமான அடித்தட்டு கொண்ட புதிய முளையைச் சொரசொரப்பாக்கிய பின்புறத்தில் எப்பாக்சியால் ஒட்டுவதே பாதுகாப்பானது.

எழுத்துக்குள் நிறம் நிரப்புவது எப்படி?

பழைய நிறத்தின் துணுக்கு ஒன்றாவது விளிம்பில் ஒட்டியிருக்கும். சுரண்டுவதற்கு முன் அதன் சாயலை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழியை நன்றாகச் சுத்தம் செய்து, இளக்கிய எனாமல் பெயின்டை ஊசி முனையால் ஒரு சொட்டு விட்டு, அதுவே பரவி ஓரத்தைத் தொடும்படி விட வேண்டும். தூரிகையால் இழுத்தால் கோடு தெரியும். மேடான பகுதியில் ஏறிய பெயின்டை, சமதளக் கட்டையில் இறுகச் சுற்றிய துணியில் தின்னரைத் தொட்டும் தொடாமலும் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். இது உலோகச் சின்னத்துக்கு மட்டும். அக்ரிலிக்கும் ஏபிஎஸ்ஸும் அசிட்டோன் பட்டால் கரையும். சாராயம் கலந்த துடைப்பான்கள் பழைய அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும்.

சூளையில் சுட்ட எனாமல் உதிர்ந்திருந்தால் பெயின்ட் போட்டு ஒப்பேற்றலாமே தவிர, அது கண்ணாடியின் ஆழத்தைத் தராது. மீண்டும் எனாமல் ஏற்ற 750 டிகிரிக்கு மேல் சுட வேண்டும் என்பதால், அது நகைத்தொழில் அறிந்த எனாமல் வல்லுநரிடம் விட வேண்டிய வேலை.

புதிய ஃபெண்டரில் ஓட்டையே இல்லை. எங்கே, எப்போது துளைப்பது?

பெயின்ட் அடிப்பதற்கு முன்பு, ஆனால் கதவுகளையும் ஃபெண்டர்களையும் இடைவெளி சரிசெய்து வண்டியில் ஏற்றிய பிறகு. தனியே மேசையில் வைத்துத் துளைத்தால், பொருத்தியபின் சின்னம் உடல் கோட்டுக்குச் சாய்ந்து நிற்கக்கூடும். வழிகாட்டியில் உள்ள அளவை எடுத்து, நாடா ஒட்டி, அதன் மேல் குறித்து, முளைகளின் இடத்தைக் காட்டும் அட்டை அச்சு ஒன்றை வெட்டி வைத்து, சில அடிகள் பின்னால் போய்க் கண்ணால் பாருங்கள். அளவு நாடா சரி என்று சொன்னாலும் கண் கோணல் என்று சொன்னால், உடல் கோட்டையே பின்பற்றுங்கள். அந்தக் காலத்துத் தகடுகள் இரு பக்கமும் மில்லிமீட்டர் மாறாமல் வந்தவை அல்ல. இட, வலச் சின்னங்களின் வளைவு வேறுபடும் என்பதால் ஒரு பக்கத்து அச்சைக் கவிழ்த்து மறுபக்கத்துக்குப் பயன்படுத்துமுன் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

துளைக்கும்போது முதலில் மையக் குறி, பிறகு 2 மில்லிமீட்டர் பிட், அதன் பிறகே முழு அளவு. கிளிப்பு உட்கார வேண்டிய ஓட்டையின் விட்டம் முளையின் விட்டமன்று என்பதால் கிளிப்பைக் கையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஓரப் பிசிறை நீக்கி, ஓட்டையின் உள் விளிம்புக்கும் எப்பாக்சி பிரைமர் தொட்டு வைக்காவிட்டால் சின்னத்தின் அடியில் துரு வழிவதைச் சில மழைக்காலங்களிலேயே காணலாம்.

பொருத்தும்போது எவ்வளவு இறுக்குவது?

சின்னம் ஆடாமல் நின்றால் போதும். வார்ப்பு முளையில் மரை இருக்காது. தன் மரையைத் தானே வெட்டிக்கொள்ளும் நட்டுதான் அதில் ஏறும். அந்த நட்டை வண்டிக்கு வெளியே, மேசையில், ஒருமுறை ஏற்றி இறக்கிவிடுங்கள். முதல் வெட்டுக்குத்தான் பலம் தேவைப்படும். அந்தப் பலத்தைத் தகட்டின் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வளைந்த கையோடு பிரயோகிக்கும்போதுதான் ‘டக்’ என்ற ஒலியோடு முளை போய்விடுகிறது. நட்டின் அடியில் நீர்க்காப்புப் பசை வையுங்கள். சின்னத்துக்கும் பெயின்டுக்கும் இடையில் தொழிற்சாலை ரப்பர் அடிப்பட்டை வைத்திருந்தால் அதைத் தவிர்க்கக் கூடாது. துத்தநாகமும் எஃகும் ஈரத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டால் அரிப்பு விரைவுபடும்.

முளைகளை வெட்டிவிட்டு இருபக்க நாடாவால் ஒட்டலாமா?

அசல் சின்னத்தின் முளைகளை வெட்டுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தொழிற்சாலையே ஒட்டி அனுப்பிய பிற்கால வண்டிகளுக்கு அக்ரிலிக் நுரை நாடா பொருத்தமானது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நீரும் சம அளவு கலந்து பரப்பைத் துடைத்து, 20 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலையில் அழுத்தி ஒட்ட வேண்டும். இந்த வகை நாடா 20 நிமிடத்தில் ஏறத்தாழப் பாதிப் பலத்தையும், முழுப் பலத்தை 72 மணி நேரத்திலும் அடைகிறது. அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம். புதுப் பெயின்ட் முழுமையாக உலர்வதற்கு முன் ஒட்டினால், உள்ளிருந்து கிளம்பும் கரைப்பான் ஆவி நாடாவைத் தூக்கிவிடும்.

சாதாரண மாடலில் உயர்ந்த மாடலின் சின்னத்தை வைத்துக்கொள்வது தவறா?

சொந்த மகிழ்ச்சிக்காக வைப்பதில் தடை இல்லை. விற்கும்போது அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்று. எஞ்சின் திறனைக் குறிக்கும் சின்னங்களாலேயே வண்டியின் மதிப்பு பலமடங்கு ஏறும் மாடல்களில், வாங்குகிறவர் சேசிஸ் எண்ணையும் பிறப்புச் சான்றையும் பார்க்காமல் சின்னத்தை மட்டும் நம்பக் கூடாது. அப்படி வைத்துக்கொள்ள விரும்புகிறவர், இருக்கிற ஓட்டைகளில் பொருந்துமானால் மட்டும் வைக்கட்டும். அதற்காகத் தகட்டில் புதிதாகத் துளைக்க வேண்டாம்.

பொருத்திய பிறகு எப்படிப் பராமரிப்பது?

அலங்காரக் குரோமின் தடிமன் ஒரு மைக்ரானில் பாதிகூட இராது என்பதால், தேய்க்கும் பாலிஷை அடிக்கடி கையாண்டால் அடியிலுள்ள நிக்கலின் மஞ்சள் சாயல் வெளித் தெரியும். மென்மையான சோப்பு நீர், மெல்லிய துணி, ஆண்டுக்குச் சில முறை மெழுகு ஆகியவை போதும். அனோடைஸ்டு அலுமினியத்தில் காரத்தன்மை கொண்ட சக்கரத் துடைப்பான் படவே கூடாது, அது நிறத்தோடு பூச்சையும் தின்றுவிடும். கழுவிய பின் சின்னத்தின் அடியில் தேங்கும் நீரைக் காற்றால் ஊதி வெளியேற்றுங்கள். மெழுகின் வெள்ளைப் படிவு எழுத்தின் மூலைகளில் தங்கினால், உலர்ந்த மென்மையான பல் துலக்கியால் எடுத்துவிடலாம்.